செவ்வாய், வியாழன்

செவ்வாய்க்கிழமை நான் சாம்பல் நிறம்.
வியாழக்கிழமை வெள்ளை,
தோளில் மெல்லிய நீலக் கோடு.
வார்டு அதேதான்.

ஏழாம் படுக்கையில் ஆறு வாரம்
வில்ஃப் ஸ்டாமர்ஸ் இருந்தார்.
கிரிம்ஸ்பி துறைமுகத்தில் ஐஸ் உடைத்த தோள்,
இப்போது சட்டைக்குள் ஹேங்கர் மாதிரி.
"இன்றைக்கு நீ எந்த ஜனீன்?" என்பார்,
கண்ணாடியைத் தேடி எடுப்பதற்கு முன்பே.

சாம்பல் ஜனீன் முதுகு துடைப்பாள்,
தேநீரில் மூன்று சர்க்கரை கலப்பாள்,
மூத்திரப் பையை அளந்து எழுதுவாள்.
வலிக்கிறது என்று அவர் சொன்னால்
பெத்தானைத் தேடி ஓடுவாள்.
மார்ஃபின் எத்தனை மில்லி என்று எனக்குத் தெரியும்.
மூளையில் அது எந்தக் கதவருகே போய் உட்காரும் என்று
இரண்டாயிரம் சொல்லில் கட்டுரை எழுதியிருக்கிறேன்,
நூற்றுக்கு அறுபத்திரண்டு.
இருந்தும் செவ்வாய் வெறுவாய்.
இருபது நிமிடம், ஒருமுறை முப்பத்தைந்து,
போர்வையின் ஓரத்தை அவர் விரல்கள் முறுக்குவதைப்
பார்த்துக்கொண்டு நிற்பேன்.

வியாழனன்று அதே கை
மருந்தை உறிஞ்சி எடுக்கும், குமிழியைத் தட்டும்,
கணக்கைச் சத்தமாக ஒப்பிக்கும்.
பக்கத்தில் பெத்தான். கையெழுத்து அவளுடையது.
அவளுக்கு இருபத்தாறு, எனக்கு நாற்பத்தொன்று.
"அளவுக் கோட்டைப் பார், என் முகத்தைப் பார்க்காதே"
என்றாள் முதல் நாள்.

திங்களன்று லிங்கனுக்கு ரயில், இரண்டே பெட்டி.
மார்க்கெட் ரேசன் வருவதற்குள்
சிறுநீரகத்தை முடித்துவிடுவதாகத் திட்டம்.
பாதி நெஃப்ரானில் தூங்கிவிடுவேன்.
வகுப்பில் பக்கத்து இருக்கைப் பெண்
கல்விக் கடனை ஃபோனில் கூட்டிக் கூட்டிப் பார்க்கிறாள்.
எனக்குக் கடன் இல்லை, சம்பளம்கூட உண்டு;
தூக்கம்தான் வட்டிக்குப் போயிருக்கிறது.

இரவு சமையலறை மேசையில்
மகன் கானரும் நானும், நடுவில் ஒரே கால்குலேட்டர்.
அவனுக்குத் திரிகோணமிதி, எனக்குச் சொட்டு வேகம்.
"அம்மா, புள்ளியை விழுங்கிட்டே பாரு."
பார்த்தேன்.
இங்கே அது தப்புக் கணக்கு.
அங்கே அது ஓர் ஆள்.
எழுந்து போய்க் காரணமில்லாமல் கை கழுவினேன்.

வில்ஃப் போனது ஒரு செவ்வாய்,
தேநீர் வண்டி வரும் நேரம்.
ஜன்னலைத் திறந்தேன்.
தாடைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்தேன்.
நகத்திடுக்கில் ஆரஞ்சுத் தோல் கொஞ்சம் இருந்தது,
வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எடுத்தேன்.
யாரும் கேட்கவில்லை, ஆனாலும்
"இன்றைக்குச் சாம்பல்" என்று சொன்னேன்.

பயிற்சி மணிநேரத்துக்கு ஒரு பதிவேடு உண்டு.
இரண்டாயிரத்து முந்நூறு சேர வேண்டும்.
அந்த ஐம்பது நிமிடத்தை எழுதினேன்.
"சாம்பல் நாள் கணக்கில் வராது, ஜனீன்"
என்றார் விரிவுரையாளர், மெதுவாகத்தான் சொன்னார்.
விதி அது, அவர்மேல் தப்பில்லை.
அழித்தேன்.
மாசக் கடைசியில் சம்பளச் சீட்டில்
அந்த ஐம்பது நிமிடம் எங்கோ இருந்தது,
பவுண்டாகவும் பென்ஸாகவும், வரி போக.

இன்று புதன், துவைக்கிற நாள்.
அறுபது டிகிரி, தனித்தனியாக என்று
துணியின் உள்பக்கம் தைத்திருக்கிறார்கள்.
கண் சொக்கிப்போய் இரண்டையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.
ரேடியேட்டர்மேல் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன.
வெள்ளை, வெள்ளையாக இல்லை.
நீலக் கோட்டை வைத்துத்தான் எது எது என்று தெரிகிறது.

புதிதுக்கு விண்ணப்பித்தால் இரண்டு வாரம்.
இன்னும் பதினாறு மாதம் பாக்கி.
நாளை வியாழன்.
"யாரும் கவனிக்க மாட்டாங்கம்மா" என்கிறான் கானர்.
பெத்தான் கவனிப்பாள்.
இஸ்திரிப் பெட்டியைச் சொருகச் சொன்னேன்.