சரக்குச் சீட்டு

"எந்த விரல்?" என்றார் டாக்டர் நெலீதா.
சுண்டுவிரல். அப்புறம் மோதிர விரலில் பாதி.
"எந்தப் பாதி?"
இப்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.
மோதிரத்தைக் கழற்றிக் காட்டினேன்:
சுண்டுவிரலை ஒட்டிய பாதி.
மறுபாதிக்குக் குளிர் தெரிகிறது.

முழங்கையின் உட்புறம், எலும்புப் பள்ளத்தில்
ஒரு தட்டு. விரல் நுனிவரை மின்னல்.
பத்தொன்பது வருடம் லாரி ஜன்னலில் ஊன்றிய இடம்.
படகோனியாவின் காற்று அத்தனையும்
அதன்மேல் ஏறிப் போயிருக்கிறது.

"ஏதாவது தாள் இருக்கிறதா?"
சட்டைப்பையில் சரக்குச் சீட்டு:
ஆட்டுரோமம், நூற்றுப் பன்னிரண்டு பொதி.
கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே
பிடிக்கச் சொல்லி இழுத்தார்.
வலது கை விடவில்லை; ஓரம் கிழிந்தது.
இடது கையில்
கட்டைவிரல் மடங்கியது.
நான் மடக்கவில்லை.

"மறுபடி."
பல்லைக் கடித்தேன். மறுபடி மடங்கியது.

"உங்கள்மேல் குற்றமில்லை, எவரிஸ்தோ.
இந்த நரம்பிடம் பலம் தீர்ந்துவிட்டது.
பக்கத்து நரம்பு கைமாற்றுத் தருகிறது."

எத்தனை நாளாகவோ.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்.

ரியோ கயேகோஸ் தாண்டியதும்
ஜன்னலை ஏற்றினேன்.
முழங்கைக்குப் போக்கிடமில்லை.
சீட்டின் கிழிந்த ஓரத்துக்குக்
கிடங்கில் என்ன காரணம் சொல்வது
என்று யோசித்தபடி ஓட்டினேன்.