புறப்பாடு

பாபு ராவ் தெரு லாட்ஜில் மேசைக்குப் பின்னால்
பதினாறு வருஷமாக சி ஃபாரம் நிரப்புகிறவன் நான்.
குல்னா, ஜெசோர், பாரிசால்,
எந்த ஊரையும் பிழையில்லாமல் எழுதுவேன்.
நோயாளி பெயர், துணைக்கு வந்தவர் பெயர்,
எந்த வழியாக நுழைந்தார், எந்தத் தேதி.
முத்திரை மங்கலென்றால் ஜன்னலோரம் பிடித்துப்
படித்துவிடுவேன், கொட்டாவி விட்டபடியே.

அப்படி எழுதிய பெயர்களில் ஒன்று ஷெஃபாலி ஹால்தார்.
அண்ணனின் சிறுநீரகத்துக்குத் துணையாக வந்தவள்.
(அண்ணன் பிழைக்கவில்லை. அது வேறு ஃபாரம்.)

கல்யாணமாகி, ஊருக்குப் போய் அம்மாவோடு இருந்துவிட்டு,
மனைவி என்கிற விசாவில் முதல் தடவையாக
பெட்ராபோல் எல்லையை நடந்தே தாண்டி
ஹவுராவில் ரயிலேறி
காட்பாடியில் இறங்கினாள், விடிகாலை நாலே கால்.
நான் முகத்தைப் பார்த்தேன்.
முத்திரையைப் பார்க்கவில்லை.

பதினோராம் நாள் பதிவுக்குப் போனோம்.
சத்துவாச்சாரி, எஸ்.பி. ஆபீஸ், மாடியில் கடைசி அறை.
சுலோச்சனா மேடம் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"இவங்க போயிட்டாங்களே" என்றார்.
"யாரு மேடம்?"
"இவங்கதான். வருகைன்னு குத்த வேண்டிய எடத்துல
புறப்பாடுன்னு குத்திக்கீறான்."
"இங்கதானே கீறாங்க!"
"எனக்குத் தெரியுது. சிஸ்டத்துக்குத் தெரியலியே."
போய்விட்டவள் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து
பாட்டில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நாட்டை விட்டுப் போனவள்
என் வீட்டில் கடுகரைத்து மீன் வைத்தாள்.
காஸ் சிலிண்டர் வந்தபோது கையெழுத்துப் போட்டாள்.
"இல்லாதவளுக்கு எதுக்கு ரெண்டு தலையணை?"
என்று அவள்தான் முதலில் சிரித்தாள்.
மூன்றாவது வாரம் சிரிக்கவில்லை.
தெருவில் ஜீப் சத்தம் கேட்டால் அடுப்பைத் தணித்தாள்.

மனு எழுதினேன்.
மேற்படியார் மேற்படி தேதியில் மேற்படி எல்லை வழியாக
உள்ளே வந்தார், வெளியே செல்லவில்லை.
இணைப்பு: ஹவுரா டிக்கெட், எல்லையில் பணம் மாற்றிய சீட்டு.
காட்பாடியில் குடித்த டீக்கு எவன் ரசீது தந்தான்?
புருஷன் சாட்சி எடுபடாது என்றார்கள்.
எல்லைக்கே போய்த் திருத்திக்கொண்டு வரச் சொன்னான் ஒருவன்.
வரலாம். அங்கே மறுபடி எதைக் குத்துவார்களோ.

ஒருநாள் பேச்சுவாக்கில் மேடத்திடம் சொன்னேன்:
"வீட்டை விட்டுப் போறப்போ அவங்க பாஷையில 'ஆஷி'ம்பாங்க.
வரேன்னு அர்த்தம். நாமளும் அதானே சொல்றோம்?
அந்த ஆபீசருக்கும் அப்படித்தான் குழம்பியிருக்கும்."
"அதையெல்லாம் நோட்ல எழுத முடியாதுங்க."
கொஞ்ச நேரம் ஃபைலைக் கட்டினார், அவிழ்த்தார்.
"கோட்டைக் கோயில்ல எத்தினியோ காலம் சாமியே இல்ல.
இதே சத்துவாச்சாரியிலேர்ந்து லாரியில ஏத்திக்குனு போய்
வெச்சாங்க. எங்கப்பா பார்த்திருக்காரு.
அதுக்கு யாரு முத்திரை குத்துனா?"
சொல்லிவிட்டு, நாலாவது முறையாக
எல்லைக்கு ஞாபகமூட்டும் கடிதம் தட்டினார்.

நாற்பத்து மூன்றாம் நாள் பதில். ஒன்றரை வரி.
வருத்தம் என்ற சொல் அதில் இல்லை.
சிவப்பு மையில் ஒரு குறுக்குக் கோடு,
பக்கத்தில் ரத்து, ஒரு சின்னக் கையெழுத்து,
அதற்குக் கீழே வருகை,
ஐம்பத்து நாலு நாளுக்கு முந்தைய தேதியில்.
மை காயும்வரை ஷெஃபாலி பாஸ்போர்ட்டை மூடவில்லை.
பஸ்ஸிலும் விரித்தே வைத்திருந்தாள்,
தூங்கும் குழந்தையை மடியில் வைத்திருப்பதுபோல.

நேற்று ராத்திரி லாட்ஜில் ஒரு பெரியவர்,
சத்கீரா ஊர், தொண்டையில் கட்டி.
பாஸ்போர்ட்டை வாங்கி விளக்கடியில் வைத்து
வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் போல.
பயந்துபோய் ஏதாவது தப்பா என்று கேட்டார்.
எனக்குத் தெரிந்த அரைகுறை வங்காளத்தில் சொன்னேன்:
இல்லை.
வந்திருக்கீங்க.