கேட் போட்டிருக்கு

ஞாயிற்றுக்கிழமை.
எங்கள் வண்டியின் மூக்குக்கு நேராக
விழுந்துவிட்டது கொருக்குப்பேட்டை கேட்.

டெரன்ஸ் சாவியைத் திருப்பி அணைத்தான்.
நான் பின்னால்.
மடியில் வேதாகமம், அதன்மேல் கைப்பை,
அதன்மேல் நேற்று ராத்திரியின் கோபம்.

ஒன்றும் பெரிய கோபமில்லை.
ஒரு சட்டி மீன்குழம்பு அளவு.

காசிமேட்டில் அவனே பார்த்து வாங்கிய சங்கரா.
அத்தை உப்புப் போட்டதை நான் பார்க்கவில்லை.
நான் போட்டதை அத்தை பார்க்கவில்லை.
மூன்றாவதாகவும் யாரோ போட்டிருக்க வேண்டும்,
யாரென்று இன்னும் தெரியவில்லை.
நாத்தனார் கிளாடிஸ் ஒரு வாய் வைத்துவிட்டு
தண்ணீர்ச் சொம்பைத் தேடினாள்.
டெரன்ஸ் சொன்னான், எல்லார் முன்னாலும்:
"பெரம்பூர்ல கடல் கிடையாது இல்ல,
அதான் இவ சட்டியிலயே வச்சுட்டா."

சிரித்தார்கள்.
நானும் சிரித்தேன்.
அதுதான் எனக்கு ஆத்திரம்.

கல்யாணமாகி எட்டு மாதம்.
மூன்று ஞாயிறு ஓலை வாசித்தபோது
யாரும் தடை சொல்லவில்லை.
ரேஷன் கார்டில்தான் இன்னும் பெயர் ஏறவில்லை.
அப்பா வீட்டுக் கார்டில் எடுத்தாகிவிட்டது,
இந்த வீட்டுக் கார்டில் சேர்த்தாகவில்லை.
எந்தக் கார்டிலும் இல்லாத ஒருத்தி
விடியுமுன் எழுந்து
லாரித் தண்ணீருக்குக் குடம் வரிசை வைக்கிறாள்.

பச்சைக் குடம் எங்களுடையது.
விளிம்பில் நெயில் பாலிஷால்
ஒரு சிலுவை போட்டு வைத்தேன்.
பக்தி இல்லை, அடையாளம்.
மறுவாரம் எதிர்வீட்டு மெஹருன்னிசா அக்கா
அதே பாட்டிலை இரவல் வாங்கி
தன் குடத்தில் ஒரு சைபர் போட்டுக்கொண்டாள்.
இப்போது வரிசையைப் பார்த்தால்
பிள்ளைகள் கட்டம் போட்டு விளையாடுகிற மாதிரி இருக்கிறது.

படுக்கும்முன் இரண்டு பேரும் ஜெபிப்போம்,
ஒரு நாள் அவன், ஒரு நாள் நான்.
நேற்று என் முறை.
வாய்க்குள்ளேயே ஜெபித்தேன், அவனுக்குக் கேட்காதபடி.
ஆண்டவரிடம் அவனைப் போட்டுக்கொடுத்தேன்.
உப்பைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

கூட்ஸ் வந்தது.
துறைமுகத்திலிருந்து, அவசரமே இல்லாமல்,
நிலக்கரித் தூசு பறக்க.
எங்களுக்குப் பின்னால் ஆட்டோக்கள்,
ஒரு மீன்கூடைக்காரம்மா, சீருடையில் ஒரு நர்ஸ்,
எல்லார் முகமும் ஒரே திசையில் நகர்ந்து நகர்ந்து திரும்பின.
கோயிலில் இந்நேரம் இரண்டாம் பாட்டு முடிந்திருக்கும்.
வேறென்ன செய்வது, எண்ணினேன்.

கடைசிப் பெட்டி போனதும்
ஹேண்டில்பாரைப் பார்த்துச் சொன்னான்:
"அம்பத்தெட்டு."

வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம்.
"அம்பத்தொம்பது."

"கார்டு பெட்டியையும் சேர்த்தியா?"

"சேர்த்தேன். அதுலயும் ஒரு ஆள் போறாரு இல்ல?"

அவன் முதுகு முதலில் சிரித்தது.
பிறகுதான் அவன்.

மன்னிப்பு அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
கேட் தூக்கியதும் குலுங்கிய தண்டவாளத்தில்
அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டேன்.
வழக்கமாகக் கம்பியைத்தான் பிடிப்பேன்.

ஐயர் பிரசங்கத்தில் என்ன சொன்னார்?
அத்தை கேட்டாள்,
இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
மத்தியானம் அதே குழம்பு வந்தது.
உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தாள் அத்தை.
ஒரு வார்த்தை சொல்லவில்லை.
டெரன்ஸ் இரண்டு முறை ஊற்றிக்கொண்டான்.

மாலையில் நான் ஒரு சட்டம் கொண்டுவந்தேன்:
உப்புப் போட்டவர்கள்
சட்டிக் காதில் துணிக்கிளிப் மாட்ட வேண்டும்.
அத்தை கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து
"நீலம் எனக்கு" என்றாள்.

ராத்திரி ஜெபம் அவன் முறை.
சத்தமாகவே ஜெபித்தான்.
அம்மாவின் முழங்காலுக்காக,
கிளாடிஸின் வேலைக்காக, எனக்காக.
ஆமென் சொல்லப்போய் நிறுத்தி
கார்டுக்காகவும் என்றான்.

எந்தக் கார்டு என்று நான் கேட்கவில்லை.