காண்பன, அறிவன

சிம்மக்கல் பூரிக்கடையில்
உருளைத்தோல் இரண்டு கிலோ சும்மா கொடுத்தார்கள்.
"மாட்டுக்கா டீச்சர்?"
ஒன்பதாம் வகுப்புக்கு, என்றேன்.

பசுமை வேதியியல் என்று எழுதப்
பச்சை சாக்பீஸ் தேடினேன். இல்லை.

அரைத்து, பழைய தாவணியில் வடித்து,
தெளிய விட்டு, மேல்நீரைக் கொட்டினால்
அடியில் வெள்ளையாய்ப் படிந்திருந்தது மாவு.
கொஞ்சம் வினிகர், கொஞ்சம் கிளிசரின்.
கிண்டக் கிண்டக் கூழ் திடீரென்று கண்ணாடியாகும்,
அந்த நொடியில் இறக்க வேண்டும்.
புத்தகம் இதைச் சொல்லவில்லை.
மூன்று பாத்திரம் அடிப்பிடித்த பிறகு
நானும் அவர்களும் ஒன்றாய்த்தான் தெரிந்துகொண்டோம்.

மொட்டைமாடியில் பங்குனி வெயில்
ஒரே பகலில் காய்ச்சித் தந்தது.
முதல் தாள் அப்பளமாய் நொறுங்கியது;
பாண்டிமீனா வாயில் போட்டுப் பார்த்து
"உப்பு பத்தல" என்றாள். திட்டினேன்.
இரண்டாவது விரலை விட்டு வரவில்லை.
மூன்றாவது, வெளிச்சத்தில் பிடித்தால்
எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டி மங்கலாய்த் தெரிந்தது.
கைதட்டினார்கள்.

"சாம்பார் ஊத்துனா?"
கரையும்.
"அப்ப எதுக்கு டீச்சர்?"
மணி அடித்தது, நல்லவேளை.

சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால்
எங்கள் தாளில் ஒரு துண்டு,
மாசி வீதி ஜவுளிக்கடைப் பையில் ஒரு துண்டு
பக்கத்தில் பக்கத்தில் புதைத்தோம்.
இருபத்திரண்டாம் நாள் தோண்டியபோது
எங்களுடையது எங்கே என்று மண்ணுக்கே தெரியவில்லை.
கடையின் போன் நம்பர் மட்டும்
பத்து இலக்கமும் தெளிவாய் இருந்தது.

மறுநாள் சுலைகா ஹார்லிக்ஸ் பாட்டிலில்
எதையோ கொண்டுவந்தாள்.
அவள் அத்தாவுக்கு நெல்பேட்டையில் கறிக்கடை.
"ஆட்டு வயித்துல இருந்துச்சு டீச்சர்.
வாரத்துக்கு ஒண்ணாவது வரும்.
நல்லாக் கழுவிட்டேன்."

ஒரு கேரி பை.
சட்னி கட்டிக் கொடுத்த முடிச்சு
போட்டது போட்டபடி.
ஆட்டின் நான்கு அறை வயிறும்
அதை அவிழ்க்கவில்லை.

யாரும் சிரிக்கவில்லை. பாட்டில் கைமாறிக் கைமாறி
கடைசி பெஞ்சு வரை போய் வந்தது.
என் மேஜைக்கு அடியில்
காலையில் வாங்கிய கத்திரிக்காய்
அதே மாதிரி ஒரு பையில் இருந்தது.
காலால் உள்ளே தள்ளினேன்.
முதல் வரிசை பார்த்துவிட்டது.

இன்று ரெக்கார்டு நோட்டு திருத்தினேன்.
சோதனை: எழுதியிருக்கிறாள்.
காண்பன: "முடிச்சு."
அறிவன என்ற கட்டத்தில் பென்சிலால்,
"இன்னும் தெரியல.
திங்கக்கிழமை மரவள்ளித்தோல் கொண்டாரேன்.
டீச்சர் துணிப்பை கொண்டாரணும்."

கையெழுத்துப் போட்டேன்.