பேப்பர் சரியா ஓடல

பாலக்கோடு ஆஸ்பத்திரியில்
ஏழு வருஷமாக ஈசிஜி எடுக்கிறேன்.
தாளைக் கிழித்துத் தரலாம்,
அதில் இருப்பதைச் சொல்லக் கூடாது.
அது டாக்டர் வேலை.

ஆனாலும் வருகிறவர்களின் கை கண்ணில் படுகிறது.
ஒற்றை விரலால் ‘இந்த இடம்’ என்று தொட்டுக் காட்டுகிறவர்
அநேகமாக நடந்தே வீடு போவார்.
நேற்று லோடு ஏற்றும் குள்ளப்பன் அப்படித்தான்,
அமுக்கியதும் ‘ஆ’ என்றான்.
இருநூறு தக்காளிப் பெட்டி தூக்கிய விலா
வேறென்ன சொல்லும்.
முஷ்டியை மடக்கி நடுநெஞ்சில் வைத்துக்கொண்டு
வார்த்தை தேடுகிறவருக்கு
நாற்காலி காட்டமாட்டேன். நேரே கட்டில்.

காவேரிப்பட்டினம் பக்கத்துத் திம்மராயனுக்கு
இரண்டு வருஷ நோவு.
மூச்சை இழுத்தால் குத்தும், விட்டால் இருமல்.
கிரானைட் பாலிஷ் வேலை.
என் கோடுகளில் அவர் இதயம் ஒழுங்காகவே ஓடியது.
எக்ஸ்ரேயில்தான் நுரையீரல் முழுக்கப்
பொடிப்பொடியாகப் புள்ளிகள்.
‘அப்ப இது நெஞ்சு வலி இல்லீங்களா?’ என்றார்.
என்னிடம் பதில் இருந்தது,
அனுமதி இல்லை.

மாரண்டஹள்ளி கெம்பம்மா
பல் டாக்டரைப் பார்க்க வந்தவள்.
இடது தாடை இழுக்கிறது, உடம்பெல்லாம் வியர்வை,
டோக்கன் வரிசையில் நிற்க முடியவில்லை.
நெஞ்சு வலிக்குதா?
‘அதெல்லாம் இல்ல, வாயு.’
மகன் வாங்கிக் கொடுத்த சோடா
பாதி பாட்டில் மடியில்.
பத்து வருஷமாகச் சர்க்கரை என்று
சீட்டின் பின்பக்கம் யாரோ எழுதியிருந்தார்கள்.

எடுத்தேன்.
தாள் சுத்தம்.
டியூட்டி டாக்டர், புதுசு, பார்த்துவிட்டு
வாயு மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

நான் ஒயர்களைக் கழற்றவில்லை.
‘கொஞ்சம் பொறுத்து இன்னொண்ணு எடுத்துடலாங்களா சார்,
பேப்பர் சரியா ஓடல.’

பேப்பர் சரியாகத்தான் ஓடியது.

இருபது நிமிஷம்.
மார்க்கெட் ஏலம் ஜன்னல் வழியே வந்துகொண்டிருந்தது,
பெட்டி நூத்திப் பத்து, நூத்திப் பத்து, நூத்தி இருபது.
கெம்பம்மா கண்ணை மூடியிருந்தாள்.
மூடியபடியே ஏலத்தைக் கேட்டு
‘நேத்து எம்பதுக்குத்தான் கேட்டானுங்க’ என்றாள்.

இரண்டாவது தாளில்
இரண்டு, மூன்று, ஏவிஎஃப்
மூன்றும் தலை தூக்கியிருந்தன.

நான் எதுவும் சொல்லவில்லை.
தாளை டாக்டர் முன்னால் விரித்தேன்.
ஒரு விரலை அங்கே வைத்து, எடுத்துக்கொண்டேன்.
அவர் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

தர்மபுரிக்கு ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது
உள்ளேயிருந்து கெம்பம்மா கேட்டாள்:
‘பல்லப் பாக்கவே இல்லியே?’