எழுபத்தைந்து சென்டிமீட்டர்

குளிர்ந்த எஞ்சினில்தான் வால்வு பார்க்க வேண்டும்.
ராத்திரி முழுக்க ஆறியிருக்க வேண்டும்.
விடியுமுன் கொம்பியின் பின்னால் மல்லாந்து கிடக்கிறேன்,
நெற்றியில் டார்ச், முதுகுக்கடியில் பழைய கம்பளம்.
தகட்டை இடைவெளியில் விட்டு இழுக்கிறேன்:
லேசாகப் பிடிக்கலாம், கடிக்கக் கூடாது.
சில அளவுகள்
சூடாக இருக்கும்போது பொய் சொல்லும்.

எண்பத்து நான்காம் வருடத்து வண்டி,
என்னைவிட இருபது வயது இளையது,
என்னைப் போலவே நின்ற இடத்தில்
ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் போகும்.
பெட்ரோல் ஹோஸ் அத்தனையும் மாற்றிவிட்டேன்.
பழையதை மடக்கினால் சுள்ளி மாதிரி முறிந்தது.
வால்தெரின் வண்டி மெர்சேதெஸ் சாலையில் எரிந்தபோது
அவனிடம் மிஞ்சியது சாவி மட்டும்.
இன்னும் வைத்திருக்கிறான், பீர் திறக்க.

உஷுவாயா மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர்.
பைசாந்தூவில் யாரும் "ஏன்" என்று கேட்கவில்லை.
"தனியாகவா" என்றுதான் கேட்டார்கள்.

ஒவிதியோ கையெழுத்துப் போட வந்தான்.
வீட்டையும் நாற்காலிகளையும் பிரித்த நீதிபதி
வண்டியை மறந்துவிட்டார்.
புத்தகத்தில் இன்னும் இரண்டு பெயர்.
இன்னொருவர் சம்மதமில்லாமல் பாலம் தாண்ட முடியாதாம்.
நோட்டரி முத்திரை குத்த ஏழு நிமிடம்.
அதோடு அவன் போயிருக்கலாம்.
படுக்கைப் பலகையை விரலால் தட்டினான்.
"உளுத்திருக்கிறது, நெலீதா."

அடுத்த சனிக்கிழமை யூகலிப்டஸ் பலகையோடு வந்தான்.
அதற்கடுத்த சனிக்கிழமையும்.
நான் கீழே, அவன் உள்ளே;
பேசியதெல்லாம் ஸ்க்ரூ அளவு, துணி, வெளிச்சம்.
மாத்தே குவளை மட்டும்
பழைய வழக்கப்படி கைமாறிக்கொண்டிருந்தது.
எங்கள் ஊரில் குவளையைத் திருப்பித் தரும்போது
நன்றி சொன்னால், போதும் என்று அர்த்தம்.
அவன் சொல்லவில்லை.
நான் ஊற்றிக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் சனிக்கிழமை
காதிலிருந்து பென்சிலை எடுத்துக்
கோடு போட்டான்: நூற்று முப்பது.
யாரும் கேட்கவில்லை.
போட்டது அவன்கூட இல்லை, கை.
இருபத்தாறு வருடம்
ஒரே அகலத்துக்குப் படுக்கை செய்த கை.

"எழுபத்தைந்து போதும்" என்றேன்.

கட்டைவிரலால் அழித்தான். அழியவில்லை.
பக்கத்தில் இன்னொரு கோடு போட்டான்.
ரம்பம் நடுவில் ஒரு முடிச்சில் சிக்கியது,
நான் பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.
மரத்தூள் அவன் புருவத்தில்.
தட்டிவிடவில்லை.

மிச்சமான ஐம்பத்தைந்தில்
என்ன வைப்பது என்று
இருவரும் சேர்ந்தே மண்டையை உடைத்துக்கொண்டோம்.
சிரிப்பாகத்தான் இருந்தது.
தண்ணீர் கேன். இரண்டாவது ஸ்டெப்னி.
பத்தகோனியாவின் கப்பிச் சாலைக்கு அது வேண்டும்,
ஹெட்லைட்டுக்குக் கோழிக்கூண்டுக் கம்பிவலை வேண்டும்,
காற்று ஒரு பக்கமாகவே அடிக்கும்,
கதவைக் காற்றுக்கெதிரே திறக்காதே.
அங்கே போகாதவன் எல்லாம் சொன்னான்.
போகாத நானும் தலையாட்டினேன்.

பிறகு ஹாரனை அழுத்திக் காட்டினான்.
பதினோரு வருடமாய் ஊமையான ஹாரன்.
எப்போது சரிசெய்தான் என்று தெரியவில்லை.
தெருநாய் எழுந்து நின்றது.
குவளையைத் திருப்பித் தந்தான்.
"நன்றி" என்றான்.

நான்காம் சிலிண்டரும் முடிந்தது.
கையைத் துடைத்துவிட்டுச் சாவியைத் திருப்புகிறேன்,
மூன்றாம் முறை இருமிப் பிடித்துக்கொள்கிறது.
கதவடைப்பில் இப்போதுதான் பார்க்கிறேன்
ஒரு காகிதப் பையில் நான்கு ஆரஞ்சு.
அக்கரைக்குப் பழம் கொண்டுபோக விடமாட்டார்கள்,
அது அவனுக்கும் தெரியும்.
பாலத்துக்கு நூறு கிலோமீட்டர்.
ஒரு கை ஸ்டியரிங்கில்,
ஒரு கையால் உரிக்க வேண்டும்.