மூன்று விரல் இடைவெளி

தொண்ணூற்றெட்டில், வீட்டுச் சாவி கைக்கு வந்த வாரம்
லாரியில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார்
இடுப்பளவு செமாராக் அப்பிக் கன்றை.
"சீக்கிரம் வளரும்னு நர்சரியில சொன்னான்."
சீக்கிரம்தான் வளர்ந்தது.
குளுகோரில் எங்கள் மூலை வீட்டுக்கு
வெயில் மாதங்களில் வழி சொல்ல வேண்டியதில்லை,
சிவப்பாய் எரிகிற வீடு என்றால் போதும்.

வேர்கள் பிறகு வந்தன.
முதலில் புல் வெட்டும் மெஷினின் பிளேடு தெறித்தது.
அப்புறம் தபால்காரர் தடுக்கி விழுந்தார்.
கேட்டிலிருந்து வாசல்வரை பாவிய ஓடுகளை
ஈறு கிழித்து வரும் பல் போல
ஒவ்வொன்றாய்த் தூக்கிவிட்டன.

சிமெண்டு பூசினார்.
அடுத்த தீபாவளிக்குள் அதில் ஆறும் கிளையாறும்.
நாலு மூட்டை மண் கொட்டினோம்.
ஐப்பசி மழை அதை அப்படியே
பக்கத்து வீட்டுக் கூவின் வடிகாலில் சேர்த்தது.
கூ மூன்று நாள் பேசவில்லை.

இப்போது திங்கள், புதன், வெள்ளி
விடியற்காலை ஐந்தரைக்கு டயாலிசிஸ் வேன்.
வலது முட்டிக்குக் கீழே இல்லாதவரைப்
பின்பக்கமாய் இழுத்துக்கொண்டு
வேர் வேராய் ஏறி இறங்குவேன்.
ஒவ்வொரு மேட்டுக்கும் அவரிடம்
தனித்தனிக் கெட்ட வார்த்தை இருந்தது.

மரம் பார்க்க வந்த அஸ்ரி
மண்டியிட்டு, ஸ்குரூடிரைவரை மண்ணில் குத்தினார்.
இறங்கவில்லை.
இங்கே என்ன நிறுத்துவீர்கள் என்று மலாயில் கேட்டார்.
லாரி. பதினேழு வருஷம்.
"அதான். கீழே காற்றே இல்லை.
மூச்சு வாங்க மேலே வந்திருக்கு."

தடித்ததைக் காட்டி, இதை மட்டும் வெட்டலாமா என்றேன்.
அடிமரத்துக்கு இவ்வளவு கிட்டே கத்தி வைத்தால்
அடுத்த பெருங்காற்றில் மரம் உங்கள் கூரைமேல் உட்காரும் என்றார்.
இவர், மடித்து ஊக்குக் குத்திய கால்சட்டையைப் பார்த்தபடி,
"ஒண்ணை எடுத்தா நிக்கும். பழகிக்கும்" என்றார்.
சிரிக்கலாமா என்று தெரியாமல் அஸ்ரி
அளவு நாடாவை இழுத்தார், விட்டார்,
மறுபடி இழுத்தார்.

வெட்டவில்லை.
ஓடுகளைப் பெயர்த்தோம்.
அடிமரத்தில் ஒட்டாமல்
வேர்கள்மேல் இரண்டு அங்குலம் மரச்சில்லு பரப்பினோம்.
என் ஃபேக்டரியிலிருந்து பழைய பேலட் பலகைகள்.
கூவின் மகன் துளை போட்டுக் கொடுத்தான்.
வேர் ஓடாத இடமாய்த் தடவித் தடவிக் கட்டை ஊன்றியதில்
கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு பாலம்,
சம்சு குடித்தவன் நடந்துபோன தடம் மாதிரி.

பலகைக்கும் வேருக்கும் இடையில்
மூன்று விரல் விடச் சொன்னவர் இவர்தான்.
தன் விரலையே வைத்து அளந்தார்.
வருஷத்துக்கு அது எவ்வளவு பருக்கும்,
எத்தனை வருஷத்தில் பலகையைத் தொடும்,
அதற்குள் நாங்கள்...
கணக்கை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஐந்தரைக்குச் சக்கரம் ஏறினால்
வரிசை முழுக்க எழுந்துகொள்கிறது.
இன்றைக்குக் கூ ஜன்னலைத் திறந்து கத்தினார்:
வடிகாலுக்குள் ஒரு வேர் எட்டிப் பார்க்கிறதாம்.
வேன் கதவு பாதி மூடியிருந்தது.
"எத்தனை விரல் தடிமன்?"
என்று உள்ளிருந்து கேட்டார் இவர்.